புதுப்பிப்பு: கப்பல் சாப்பாட்டு இடத்தை எப்ப பதியுறது?

சிங்கப்பூர்ல இருந்து போற கப்பல்ல, தனிக் காசு குடுத்துச் சாப்பிடுற உணவகங்களை ஏற முதலே பதியுறதா, ஏறின பிறகா எண்டு போன மாதம் கேட்டிருந்தன். மட்டக்களப்புக் கல்லடிக்குத் திரும்பி வந்திட்டம். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

டெப்பன்யாக்கியை (கண்ணுக்கு முன்னாலயே இரும்புத் தட்டில சமைச்சுத் தாற ஜப்பான் சாப்பாடு) வீட்டில இருந்தே பதிஞ்சன், அதுதான் சரி. சூடான இரும்புத் தட்டைச் சுத்திக் கொஞ்சக் கதிரைதான், அதுவும் குறிச்ச நேரத்துக்கு மட்டும். ஏறின அண்டைக்கே இரவு 7 மணி இடமெல்லாம் முடிஞ்சிட்டு. சமையல்காரர் இறாலைப் புரட்டக்குள்ள, "நம்மட வாவி இறால்தான் ருசி" எண்டு அம்மா சொன்னா. எண்டாலும் தட்டில ஒண்டும் மிச்சமில்ல.

இத்தாலிச் சாப்பாட்டை ஏறின பிறகு பதிஞ்சம். முதல் நாள் சனம் குறைவு, விலையும் குறைச்சுத் தந்தாங்க. சேவைக் கட்டணம் தனியாச் சேரும், அதையும் கணக்கில வையுங்க.