உகாண்டா, ருவாண்டா: கொரில்லா பார்க்க எங்கே போவது?

ஏலத்தோட்டக்காரன், குமுளி
வணக்கம். தேக்கடிப் படகில் இருந்தபடியே யானையையும் காட்டெருமையையும் பார்த்து வளர்ந்த எனக்கு, மலைக் கொரில்லாவை அதன் காட்டிலேயே பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வரும் ஜூலையில் நான், மனைவி, 13 வயது மகன் ஆகிய மூவரும் புறப்படலாம் என்றிருக்கிறோம். ருவாண்டாவா, உகாண்டாவா என்பதில்தான் குழப்பம். மனைவிக்கு முழங்கால் வலி வேறு இருக்கிறது. சென்று வந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கம்பத்துக்காரர்
ஐயா, 15 வயது நிரம்பாதவர்களை இரண்டு நாடுகளிலும் கொரில்லா அருகே அழைத்துச் செல்வதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகனைப் பற்றி முடிவெடுத்த பிறகு மற்றதைப் பேசலாம்.

அனுமதிச் சீட்டு ருவாண்டாவில் ஆளுக்கு 1,500 டாலர். உகாண்டாவில் 2024 ஜூலை முதல் 800 டாலர். நான் உகாண்டாவின் புவிண்டி காட்டுக்குத்தான் போனேன். அந்நாட்டு விமான நிலையம் இருக்கும் என்டெபேயில் இறங்கினால் ஒரு பகல் முழுவதும் வண்டியில் போய்விடும் என்பதால், ருவாண்டாவின் கிகாலியில் இறங்கி எல்லையைக் கடந்து புவிண்டியின் ருஷாகா பகுதிக்குச் சென்றேன். ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். உகாண்டா, ருவாண்டா, கென்யா மூன்றுக்கும் சேர்த்து 100 டாலருக்கு 90 நாள் விசா இருக்கிறது.

ஒரு குழுவுக்கு எட்டுப் பேர்தான். கொரில்லாக் கூட்டத்தை அடைந்த பின் ஒரு மணி நேரம்தான். நம் காட்டில் அட்டைக்குப் பயந்து காலுறைக்குள் மூக்குப்பொடி தடவிக்கொள்வோம் அல்லவா, அங்கே தொல்லை காஞ்சொறியும் எறும்பும். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முதுகு நரைத்த ஆண் கொரில்லா ஒன்று, நாம் வாழைத்தண்டு உரிப்பதைப் போல ஒரு தண்டின் தோலைப் பல்லால் உரித்து, உள்ளிருந்த வெண்மையை மட்டும் மென்றுகொண்டிருந்தது. எங்களை அது பொருட்படுத்தவே இல்லை.

சித்தூர் செவிலி, பாலக்காடு
மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறந்துவிடாதீர்கள். மஞ்சள் காமாலை ஊசி என்று எண்ணி வேறெதையோ போட்டுக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், இரண்டும் வேறு. அரசு அங்கீகரித்த மையத்தில் புறப்படுவதற்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சான்றிதழ் இல்லாமல் உகாண்டாவிலிருந்து திரும்பினால், இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த இடமுண்டு. சளி, இருமல் இருப்பவர்களையும் அங்கே காட்டுக்குள் விடமாட்டார்கள், ஏனெனில் நம் சுவாச நோய்கள் கொரில்லாக்களுக்கும் தொற்றும்.

வண்டிப்பெரியாறு எஸ்டேட்
முழங்கால் வலிக்கு அஞ்ச வேண்டாம், சார். சுமையைத் தூக்கவும் ஏற்றத்தில் கைகொடுக்கவும் ஊர்க்காரர்கள் கூலிக்கு வருகிறார்கள். நடக்கவே இயலாதவர்களைச் சபரிமலை டோலியைப் போல நாற்காலியில் சுமந்து செல்லும் ஏற்பாடும் புவிண்டியில் உண்டு. இன்னொன்று, புவிண்டிக் காட்டோரத்தில் தேயிலைத் தோட்டங்களைப் பார்ப்பீர்கள். நம் ஏலத்தோட்டத்தில் யானை நுழைவதைப் போல அங்கே கொரில்லா வாழைத்தோட்டத்தில் நுழைந்துவிடும், ஆனால் தேயிலையைத் தின்னாது.

ஏலத்தோட்டக்காரன், குமுளி
அனைவருக்கும் நன்றி. மகனை வீட்டில் விட்டுவிட்டுப் போக மனைவிக்கு மனமில்லை. ஆகவே அவனுக்கு 15 நிரம்பும்வரை பயணத்தைத் தள்ளிவைக்கிறோம். அந்தத் தடுப்பூசிச் சான்றிதழ் எவ்வளவு காலம் செல்லும் என்று செவிலி அம்மா சொன்னால் நல்லது.

சித்தூர் செவிலி, பாலக்காடு
2016 முதல் ஆயுள் முழுமைக்கும் செல்லும், ஐயா. ஆனால் தாளைத் தொலைத்துவிடாதீர்கள்.