குளியல், துணி துவைத்த தண்ணீரைத் தோட்டத்துக்கு விடலாமா? எலுமிச்சை இலை ஓரம் கருகுகிறது

வேளச்சேரி_செடி (கேள்வி):

தனி வீடு, நான்கு பேர். போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 900. பின்பக்கம் இரண்டு தென்னை, ஒரு வாழைக் குத்து, ஒரு எலுமிச்சை, ஒரு முருங்கை. மாடியில் 25 குரோ பேக்கில் தக்காளி, மிளகாய், வெண்டை. குளியலறைத் தண்ணீரும் வாஷிங் மெஷின் தண்ணீரும் இப்போது ஒரே குழாயில் பின்பக்க மண்ணில் விழுகின்றன. மெஷின் டாப் லோடு, போடுவது சாதாரண வாஷிங் பவுடர்.

எலுமிச்சையில் பழைய இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகுகின்றன. தண்ணீர் முன்பு போல உடனே இறங்காமல் மேலேயே தேங்குகிறது, மண் காய்ந்தால் ஏடு ஏடாகப் பெயர்கிறது. கல்வாழைப் படுகை (ஜல்லி, மணல் நிரப்பிக் கல்வாழை நட்ட தொட்டி) கட்டி வடித்து விட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஆர்.ஓ. கழிவு நீரையும் ஏ.சி. தண்ணீரையும் இதோடு சேர்க்கலாமா?

கரிசல்:

நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும் தனித்தனி. இலை ஓரக் கருகல் உப்பு மிகுதி. தண்ணீர் இறங்காததும் ஏடு பெயர்வதும் சோடியம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதால் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு. நம் நாட்டுக் குடிநீர் வடிவமைப்பில் ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் வைக்கிறார்கள். அதில் குளிக்க 55, துணிக்கு 20. உங்கள் வீட்டில் குளியல் தண்ணீர் 220 லிட்டர், துணித் தண்ணீர் 80 லிட்டர் என்று கொள்ளலாம். அளவில் குளியல்தான் பெரிது. கேடு முழுக்க அந்த 80 லிட்டரில் இருக்கிறது.

குளியல் சோப்பு கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. எடையில் சோடியம் சுமார் 8 சதவீதம். ஒரு குளியலுக்கு 6 கிராம் கரைந்தால் அரை கிராம் சோடியம். 55 லிட்டரில் அது லிட்டருக்கு 10 மில்லிகிராமைக்கூட எட்டாது. உங்கள் போர் தண்ணீரில் இருக்கும் சோடியத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

வாஷிங் பவுடர் அப்படி இல்லை. அதில் சலவை சோடாவும், எடை கூட்டச் சேர்க்கும் சோடியம் சல்பேட்டும் நிறைய. 60 லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் பவுடர், அதில் மூன்றில் ஒரு பங்கு சோடா என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சோடா மட்டுமே லிட்டருக்கு 140 மில்லிகிராம் சோடியம், ஏறத்தாழ 6 மில்லிஈக்விவலன்ட் (அயனிகளை மின்னேற்றக் கணக்கில் ஒப்பிடும் அலகு) தரும். அதே அளவு கார்பனேட்டும் கூடவே வரும். அந்தக் கார்பனேட் தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்பாகப் படிய வைத்துவிடுகிறது. சோடியம் ஏறுகிறது, அதை எதிர்த்து நிற்க வேண்டிய கால்சியம் இறங்குகிறது. களித்துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து மண் துளைகளை அடைப்பது இதனால்தான். மண் ஆய்வகத்தில் எஞ்சிய சோடியம் கார்பனேட் என்று ஒரு எண் கொடுப்பார்கள். லிட்டருக்கு 1.25 மில்லிஈக்விவலன்ட்டுக்குக் கீழே இருந்தால் பயமில்லை, 2.5ஐத் தாண்டினால் பாசனத்துக்கு ஆகாது. பவுடர் போட்ட முதல் தண்ணீர் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும்.

சோதிக்க ஆய்வகம் வரை போக வேண்டாம். தேங்கும் இடத்திலிருந்து சுண்டைக்காய் அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து, கண்ணாடி டம்ளரில் மழைநீர் அல்லது ஏ.சி. தண்ணீர் ஊற்றி, ஆட்டாமல் மெல்லப் போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கட்டி உதிர்ந்து தண்ணீர் தெளிவாகவே இருந்தால் சோடியம் தொல்லை இல்லை. கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் பரவினால் இருக்கிறது. போர் தண்ணீரில் செய்யாதீர்கள், அதிலுள்ள உப்பே கலங்கலை மறைத்துவிடும்.

குழாய்_கை:

கரிசல் சொன்னதைக் குழாயில் எப்படிப் பிரிப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

டாப் லோடு மெஷின் முதல் தண்ணீரை வெளியேற்றி, பிழிந்து, பிறகு அலசலுக்கு நிரப்பும். பிழிந்த துணியில் தங்கும் ஐந்தாறு லிட்டர் வழியாகத்தான் சோடா அலசல் தண்ணீருக்குப் போகிறது. அதாவது முதல் தண்ணீரில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே முதல் தண்ணீர் சாக்கடைக்கு, அலசல் தண்ணீர் தோட்டத்துக்கு. மெஷின் வெளியேற்றுக் குழாயில் மூன்று வழி வால்வு போடலாம். கடையில் கிடைக்காவிட்டால் ஒரு டீயும் (T வடிவ இணைப்பு) இரண்டு பால் வால்வும் போதும். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் மூடிவிட்டால் மெஷின் பம்ப் திணறும். சாக்கடைப் பக்க வால்வைத் திறந்தே வைத்து, அலசலின்போது மட்டும் மாற்றுவது பாதுகாப்பு.

மெஷின் பம்பை நம்பி நீளமாக ஹோஸ் இழுக்காதீர்கள். அது ஒரு மீட்டர் உயரம் தூக்கத்தான் ஆனது. பக்கத்தில் 100 லிட்டர் டிரம் வைத்து அதில் விழவிட்டு, அடியில் ஒன்றே கால் இஞ்ச் குழாய் எடுத்துச் சரிவில் அனுப்புங்கள். டிரம் வாயில் நைலான் துணிப்பை கட்டினால் நூல் பிசிறு நிற்கும். வாரம் ஒருமுறை அதை உதறிக் கழுவாவிட்டால் அடைத்துக்கொண்டு தரையெல்லாம் தண்ணீர்.

குளியலறையில் கழிப்பறையும் சேர்ந்திருந்தால் முதலில் ஒரு சோதனை. குளிக்கும் இடத்து நானி டிராப்பில் (தரை வடிகால் வாய்) ஒரு வாளி மஞ்சள் கரைத்த தண்ணீர் ஊற்றி வெளியே சேம்பரைத் திறந்து பாருங்கள். தனி வாயில் வந்தால் பிரிக்கலாம். கழிப்பறைக் குழாயோடு உள்ளேயே சேர்ந்திருந்தால் தரையை உடைக்காமல் முடியாது, தொடாதீர்கள். தனியாக வந்தால் 2 இஞ்ச் குழாய், 50 செ.மீ.க்கு 1 செ.மீ. சரிவு, திருப்பங்களில் 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி பெண்டு. முடி அடைப்பது எல்போவில்தான்.

துளி நீர்ப் பாசனக் குழாய் வேண்டவே வேண்டாம். சோப்புக் கசடு எமிட்டரை (தண்ணீர் சொட்டும் துளை) சில வாரத்தில் மூடிவிடும்.

பச்சைமாடி:

கல்வாழைப் படுகையை யாரும் சொல்லவில்லையே? சென்னையில் பல வீடுகளில் இருக்கிறது, தண்ணீர் தெளிவாக வருகிறது, வாடையும் இல்லை. சிக்கல் அத்தோடு முடியுமே. வாழையும் வைத்தால் போதும், அது எதையும் குடிக்கும்.

கரிசல்:

கல்வாழைப் படுகை நல்ல விஷயம்தான், ஆனால் இந்த வேலைக்கு அல்ல. வேர்ப்பகுதியில் வாழும் நுண்ணுயிர்கள் சோப்பு, அழுக்கு, வாடை தரும் பொருள்களைச் சிதைக்கும். ஜல்லியும் மணலும் கசடைப் பிடிக்கும். சோடியத்தை எதுவும் சிதைக்காது. செடி தண்ணீரை ஆவியாக விடுகிறது, உப்பைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. 100 லிட்டர் போய் 80 லிட்டர் வெளியே வந்தால் உப்பின் அடர்த்தி கால் பங்கு கூடியிருக்கும். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதால் ஏமாந்துவிடுகிறோம். கிணற்றுக்கோ ஊறல் குழிக்கோ அனுப்புவதாக இருந்தால் படுகை தேவை. செடிக்கு நேராக விடுவதென்றால் மண்ணே அந்த வேலையைச் செய்யும்.

வாழை எதையும் குடிக்கும் என்பதும் பாதிதான் சரி. தண்ணீர் எவ்வளவு வந்தாலும் குடிக்கும், உப்பைத் தாங்காது. குளியல் தண்ணீர் வாழைக்கு, அலசல் தண்ணீர் தென்னைக்கு என்று பிரியுங்கள். தென்னை, சப்போட்டா இரண்டும் உப்புக்கு அசராதவை. எலுமிச்சைக்கு எதுவுமே வேண்டாம். உப்பும் அதற்கு ஆகாது, சில சலவைப் பொருள்களில் வரும் போரானும் ஆகாது. அதற்கு மழைநீரோ ஏ.சி. தண்ணீரோதான்.

மட்டைமூடாக்கு:

விடும் இடத்தைத் தயார் செய்யாமல் குழாய் மட்டும் போட்டால் பயனில்லை.

முதலில் மண் எவ்வளவு குடிக்கும் என்று பாருங்கள். ஒரு அடி ஆழக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி முழுதும் இறங்க விடுங்கள். மறுபடி நிரப்பி ஒரு மணி நேரத்தில் எத்தனை செ.மீ. குறைகிறது என்று அளக்க வேண்டும். 2.5 செ.மீ.க்குக் குறைந்தால் இடத்தைப் பெரிதாக்க வேண்டும். பெசன்ட் நகர் மணலில் இந்தப் பேச்சே எழாது. உங்கள் பக்கம் களி இருந்தால் கவனம்.

வேனிலில் சென்னையில் செடியும் மண்ணும் சேர்ந்து நாளைக்கு 6 மி.மீ. தண்ணீர் குடிக்கும் என்று வைத்தால், குளியல் 220, துணித் தண்ணீரில் பாதியான அலசல் 40 என உங்களுக்குக் கிடைக்கும் 260 லிட்டருக்கு, செடிகளின் நிழல் விழும் பரப்பு 43 சதுர மீட்டர் வேண்டும். காய்க்கும் தென்னைக்கு நாலு நாளைக்கு ஒருமுறை 200 லிட்டர் என்பது பழைய பரிந்துரை. அப்படியானால் இரண்டு மரமும் நாளுக்கு 100 லிட்டரை எடுத்துக்கொள்ளும். வாழைக் குத்தில் ஏழெட்டு மரம் இருந்தால் மிச்சத்தையும் சமாளிக்கும்.

தென்னையைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்குள் வட்டப் பாத்தி. வெளி விளிம்போரம் ஒரு சாண் ஆழம். வேரை வெட்டும்படி ஆழமாகத் தோண்ட வேண்டாம். உள்ளே தேங்காய் மட்டை, மேலே காய்ந்த ஓலை, சருகு. குழாயின் வாய் மட்டைக்குள் புதைந்திருக்கக் கூடாது, வேர் உள்ளே ஏறிவிடும். கவிழ்த்த பழைய பூந்தொட்டிக்குள் குழாய் வாய் தொங்க வேண்டும், கீழே நாலு விரல் இடைவெளி. தண்ணீர் மேலே தெரியவே கூடாது. தெரிந்தால் கொசு. மட்டை மக்கிக் குறையக் குறைய மேலே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஒன்றரை இரண்டு ஆண்டில் முழுதாக மாற்ற வேண்டி வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் எல்லாவற்றையும் சாக்கடைக்குத் திருப்பிவிடுங்கள். ஊறிய மண்ணில் இன்னும் ஊற்றினால் வேர் அழுகும். அந்த மழையைத்தான் மண்ணைக் கழுவ விட வேண்டும், ஓராண்டு சேர்ந்த உப்பைக் கீழே தள்ளுவது அதுதான்.

டிரம்மில் 24 மணி நேரத்துக்கு மேல் தண்ணீரை வைக்காதீர்கள். அழுகின வாடை வரத் தொடங்கினால் அது தோட்டத்துக்கு ஆகாது. கீரை, கேரட், முள்ளங்கி, தரையில் படர்வது எதற்கும் இந்தத் தண்ணீர் வேண்டாம். குழந்தையின் அழுக்குத் துணி, தலைச்சாயம், பிளீச்சிங் பவுடர், பாத்ரூம் கழுவும் ஆசிட், இவை போகும் நாளில் வால்வு சாக்கடைப் பக்கம்.

வேளச்சேரி_செடி:

மண்கட்டிச் சோதனை செய்தாயிற்று. பால் போலக் கலங்கியது. இனி ஜிப்சம் போட வேண்டுமா, எவ்வளவு? சிலர் வினிகர் ஊற்றச் சொல்கிறார்கள். ஆர்.ஓ., ஏ.சி. பற்றியும் சொல்லுங்கள். மாடிக்கு எதையாவது ஏற்றலாமா?

கரிசல்:

வினிகர் கார்பனேட்டைக் கொல்லும், சோடியம் அங்கேயே இருக்கும். மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் அதைக் கரைத்துக் கொஞ்சம் கால்சியம் விடுவிக்கும், அவ்வளவே. விவசாய ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) வாங்குங்கள். தேங்கும் பரப்பில் சதுர மீட்டருக்கு 250 கிராம் தூவி, மேல் மண்ணில் ஒரு கை ஆழம் கிளறுங்கள். அதன் பிறகு முக்கியமானது தண்ணீர். கால்சியம் சோடியத்தை இடம் பெயர்க்கும், பெயர்ந்த சோடியத்தை யாராவது கீழே கொண்டுபோக வேண்டுமே. மழைக்காலத் தொடக்கத்துக்குச் சற்று முன் போட்டால் வேலையை மழை பார்த்துக்கொள்ளும். இரண்டு மாதம் கழித்து மறுபடி கட்டிச் சோதனை செய்து, இன்னும் கலங்கினால் இன்னொரு தடவை.

ஜிப்சம் உப்பைக் குறைக்காது, அதுவும் ஒரு உப்புதான். எலுமிச்சையின் இலைக் கருகலுக்கு அது மருந்தில்லை. அந்தக் குழாயை எலுமிச்சையிலிருந்து விலக்கி, நல்ல தண்ணீரால் நன்றாக நனைத்து வடிய விடுங்கள். கருகிய இலை பச்சையாகாது. புதுத் துளிரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். துளிர் இலையே நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் வந்தால் அது வேறு கதை, கார மண்ணில் இரும்பு கிடைக்காத அறிகுறி.

முதல் தண்ணீரையும் வீணாக்க மனமில்லை என்றால் பவுடரை விட்டுத் திரவ டிடர்ஜென்ட்டுக்கு மாறுங்கள். பெரும்பாலும் சோடா இருக்காது. பூந்திக்கொட்டையிலும் சோடியம் கிடையாது. ஆனால் அந்தத் தண்ணீர் மீன் தொட்டிக்கோ தாமரைத் தொட்டிக்கோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதன் நுரைப்பொருள் மீனைக் கொல்லும்.

உப்பளவு:

ஆர்.ஓ. கழிவு நீரில் உப்பு மூன்று மடங்கு என்று எல்லாரும் சொல்வார்கள், கணக்கு அப்படி வராது. ஒரு லிட்டர் குடிநீருக்கு மூன்று லிட்டர் கழிவு என்றால், நாலு லிட்டரில் இருந்த உப்பு மூன்று லிட்டரில் சேர்கிறது. 900 டிடிஎஸ் 1,200க்குச் சற்றுக் கீழே நிற்கும். கழிவு குறைவாக வரும் புது மெஷினில்தான் அடர்த்தி அதிகம். பாதிக்குப் பாதி என்றால் 1,750 வரை போகும். உங்கள் மெஷின் எது என்று இரண்டு குடத்தில் பிடித்து அளந்தாலே தெரிந்துவிடும்.

டிடிஎஸ் மீட்டர் உண்மையில் அளப்பது மின்கடத்தும் திறனை. அதை 0.5ஆல் பெருக்கும் மீட்டரும் உண்டு, 0.64ஆல் பெருக்கும் மீட்டரும் உண்டு. 0.5 மீட்டரில் 900 என்றால் கடத்துதிறன் செ.மீ.க்கு 1,800 மைக்ரோசீமன்ஸ், அதாவது மீட்டருக்கு 1.8 டெசிசீமன்ஸ். பாசனத் தண்ணீரில் 0.7 வரை கவலையில்லை, 3ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. தக்காளி 1.7 வரை விளைச்சல் குறையாமல் தாங்கும், மிளகாய் 1.0, பீன்ஸ் 0.7. உங்கள் போர் தண்ணீரே மிளகாய்க்கு அதிகம். அதற்குமேல் மாடிக்குக் குளியல் தண்ணீரோ ஆர்.ஓ. கழிவோ ஏற்ற வேண்டாம். பையில் மண் கொஞ்சம், உப்பு போக வழி அடித்துளை மட்டும்.

ஏ.சி. தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் 0.9, மிளகாய் பிழைத்துக்கொள்ளும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, ஊற்றியதில் கால் பங்கு அடித்துளை வழியாக வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். வடிந்ததை ஒரு தட்டில் பிடித்து மீட்டர் வைத்துப் பாருங்கள். ஊற்றிய தண்ணீரைவிட மூன்று மடங்கு காட்டினால் பையில் உப்பு சேர்ந்துவிட்டது. பையின் கொள்ளளவுக்குச் சமமான மழைநீரை இரண்டு தவணையாக ஊற்றி வடிக்க வேண்டும். அதில் சத்தும் போய்விடும் என்பதால் மறுவாரம் மண்புழு உரம் இரண்டு கைப்பிடி.

ஆர்.ஓ. கழிவைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய்_கை:

ஒன்று விட்டுப்போனது. சமையலறைத் தண்ணீரை இதே குழாயில் சேர்த்துவிடாதீர்கள். எண்ணெய் மட்டையில் படிந்தால் தண்ணீர் இறங்காது, எலியும் வரும். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்து நேராகச் செடிக்கு ஊற்றலாம்.