நார் கேட் லேட்ச்: பொத்தானிலிருந்து கையை எடுத்ததும் மறந்துவிடுகிறது, உதவுங்கள்

கார்த்தி:
எல்லோருக்கும் வணக்கம். கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நினைவகம் லாஜிக் கேட்டுகளால் ஆனது என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டார்கள். ஒரு பிட்டை (0 அல்லது 1) நினைவில் வைக்கும் லேட்ச் என்ற சர்க்யூட்டையாவது கையால் செய்து பார்த்துவிடலாம் என்று சென்னை ரிச்சி தெருவில் 74ஹெச்.சி.02 ஐ.சி. (நார் கேட்டுகள் உள்ள சிப்) இரண்டு வாங்கி வந்தேன்.

இரண்டு உள்ளீடும் 0 ஆக இருந்தால் மட்டும் 1 தருவது நார் கேட். ஒரு நார் கேட்டின் வெளியீட்டை மற்றதன் உள்ளீட்டுக்கும், அதன் வெளியீட்டை இதற்கும் குறுக்காகக் கொடுத்திருக்கிறேன். எஸ் (1 ஆக்க), ஆர் (0 ஆக்க) என்று இரண்டு பொத்தான்கள். நினைவில் இருக்கும் பிட்டைக் காட்டும் வெளியீடு க்யூ, மற்றது அதற்கு எதிர். இரண்டு வெளியீட்டிலும் ஒவ்வொரு சிவப்பு எல்.இ.டி. மின்சாரம் பழைய 5 வோல்ட் மொபைல் சார்ஜர்.

எஸ்-ஐ அழுத்தினால் க்யூ பக்கம் மட்டும் எரிகிறது. சரிதான். ஆனால் கையை எடுத்தால் இரண்டுமே எரிகின்றன! ஆர்-ஐ அழுத்தினால் மறுபக்கம் மட்டும் எரிகிறது, விட்டால் மறுபடியும் இரண்டும். எதையுமே நினைவில் வைக்கவில்லை. சிமுலேட்டரில் இதே சர்க்யூட் ஒழுங்காக ஓடுகிறது. இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

(இணையத்தில் ‘நார்’ என்று தேடினால் வாழைநார்தான் வருகிறது.)

நிலா:
பொத்தானை விட்ட பிறகு அந்த உள்ளீடு எங்கே போகிறது? அந்தரத்தில் விட்டால் ஹெச்.சி. வகை ஐ.சி. பைத்தியம் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே மாறும். எஸ், ஆர் இரண்டிலிருந்தும் கிரவுண்டுக்கு (0 வோல்ட் பக்கத்துக்கு) 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டீர்களா?

கார்த்தி:
போட்டிருக்கிறேன் அக்கா. பயன்படுத்தாத உள்ளீடுகளையும் கிரவுண்டில் கட்டிவிட்டேன். பொத்தானை விட்டதும் இரண்டு உள்ளீட்டிலும் மீட்டர் 0 காட்டுகிறது.

பற்றாசு:
அப்படியானால் ஐ.சி.யின் கால்கள் (பின்கள்) இருக்கும் வரிசையைப் பாருங்கள். 7400 என்ற நாண்ட் கேட் ஐ.சி.யில் 1, 2 உள்ளீடு, 3 வெளியீடு. உங்கள் 7402 வகையில் தலைகீழ்: 1 வெளியீடு, 2, 3 உள்ளீடு. நான் ஒரு முறை இதில் ஏமாந்து, தொட்டால் சுடுகிற அளவுக்கு ஐ.சி.யைச் சூடாக்கியிருக்கிறேன்.

கார்த்தி:
7402 என்று நினைத்துத்தான் போட்டேன் அண்ணா. 2-ல் ஆர், 5-ல் எஸ். 1-லிருந்து 6-க்கு ஒரு ஒயர், 4-லிருந்து 3-க்கு ஒரு ஒயர். ஆனால் நீங்கள் சொன்ன பிறகு தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் சூடாகத்தான் இருக்கிறது.

ரேடியோ மாமா:
ஒயரிங் சரி. சூடு என்றதும்தான் கேட்கத் தோன்றுகிறது. தம்பி, எல்.இ.டி.யோடு தொடரில் ரெசிஸ்டர் இருக்கிறதா? எல்லா ரெசிஸ்டரையும் சொன்னீர்கள், அதை மட்டும் சொல்லவில்லை. பொத்தானை விட்டுவிட்டு 1-வது பின்னில் எத்தனை வோல்ட் என்று அளந்து சொல்லுங்கள்.

கார்த்தி:
இல்லை சார். ஐ.சி.தானே, நிறைய கரண்ட் தராது என்று நேரடியாகவே கொடுத்துவிட்டேன். 1-ல் 2.1 வோல்ட். 4-லும் 2.1.

ரேடியோ மாமா:
அகப்பட்டது திருடன்.

இந்த லேட்ச் எப்படி நினைவில் வைக்கிறது? முன்பே பேசிவைத்துக்கொண்ட இரண்டு சாட்சிகள் மாதிரி. க்யூ ‘1’ என்கிறது. அதைக் கேட்டு எதிர் கேட் ‘0’ என்கிறது. அந்த 0 திரும்பி வந்து க்யூவை 1-லேயே நிறுத்துகிறது. பொத்தான் ஆரம்பித்துவைக்க மட்டும்தான். அதன் பிறகு இவை இரண்டுமே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

உங்கள் சர்க்யூட்டில் சிவப்பு எல்.இ.டி. அந்த வெளியீட்டை 2 வோல்ட் பக்கமாக இழுத்து உட்காரவைத்துவிட்டது. 5 வோல்ட்டில் ஓடும் ஹெச்.சி. ஐ.சி. 3.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் நிச்சயமாக 1 என்று எடுத்துக்கொள்ளும். 2.1 அதற்கு 0 மாதிரிதான். நீங்கள் எஸ்-ஐ விட்டதும் எதிர் கேட்டுக்கு இரண்டு உள்ளீடும் 0 என்று படுகிறது, உடனே அதுவும் 1 ஆக முயல்கிறது. அதையும் அதன் எல்.இ.டி. 2.1-ல் பிடித்துக்கொள்கிறது. ஆக இரண்டும் எரிகின்றன, ஒன்று சொல்வது மற்றதற்குக் கேட்பதில்லை. சிமுலேட்டருக்கு இந்தச் சுமையெல்லாம் தெரியாது.

ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் 1 கிலோ ஓம் போடுங்கள். சுமார் 3 மில்லி ஆம்பியர் ஓடும், வெளிச்சம் போதும். ஐ.சி.யின் 14, 7 பின்களுக்குக் குறுக்கே ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டரும் வையுங்கள்.

1918-லேயே இங்கிலாந்தில் எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இரண்டு வால்வுகளை (பழைய ரேடியோக்களில் இருந்த வெற்றிடக் குழாய்களை) குறுக்காகக் கட்டி இதே வித்தையைச் செய்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். கம்ப்யூட்டருக்காக இல்லை. அது பிறகு வந்தது.

கார்த்தி:
வேலை செய்கிறது!! எஸ்-ஐத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போய் வந்தேன், அப்படியே எரிந்துகொண்டிருக்கிறது. 1-ல் இப்போது 4.8 வோல்ட். மிக்க நன்றி சார்.

என் லேப்டாப்பின் 8 ஜி.பி. ரேமுக்குள்ளும் இதுதான் இருக்கிறதா?

நிலா:
இல்லை. இதன் உறவுக்காரர் பிராசசருக்குள் இருக்கும் கேஷ் என்ற வேகமான சிறு நினைவகம். அங்கே ஒரு பிட்டுக்கு வழக்கமாக 6 டிரான்சிஸ்டர் (குட்டி மின் சுவிட்ச்): குறுக்காகக் கட்டிய இரண்டு இன்வெர்ட்டருக்கு (0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றும் கேட்) நான்கு, எழுதவும் படிக்கவும் கதவு மாதிரி இரண்டு.

8 ஜி.பி. என்றால் சுமார் 6,870 கோடி பிட். ஒவ்வொன்றுக்கும் ஆறு என்றால் இடமும் விலையும் கட்டுப்படியாகாது. அதனால் ரேமில் ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குட்டி கபாசிட்டர். ஐ.பி.எம்.மில் ராபர்ட் டென்னார்ட் கண்டுபிடித்தது, 1968-ல் காப்புரிமை பெற்றார். கபாசிட்டரில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆனால் ஓட்டைக் குடம், கசிந்துகொண்டே இருக்கும். அதனால் பொதுவாக 64 மில்லி செகண்டுக்குள் எல்லா வரிசையையும் ஒருமுறை படித்து மறுபடி நிரப்ப வேண்டும். உங்கள் லேட்சுக்கு அந்தத் தொல்லை இல்லை, கரண்ட் இருக்கும்வரை நிற்கும்.

கார்த்தி:
கடைசியாக ஒன்று. சார்ஜரைக் கழற்றிக் கழற்றி 20 முறை மாட்டினேன். எந்தப் பொத்தானையும் தொடவில்லை. 17 முறை க்யூ பக்கமே எரிந்தது. தற்செயலாகத்தானே வர வேண்டும்?

ரேடியோ மாமா:
இரண்டு கேட்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால்தான் பூவா தலையா. நிஜத்தில் ஒன்று மற்றதைவிட ஒரு இம்மி முந்தும். சில சிப்களில் இந்தச் சாய்வையே அந்தச் சிப்பின் கைரேகையாகப் பயன்படுத்துகிறார்கள். உங்களிடம் இன்னொரு ஐ.சி. இருக்கிறதே, அதை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கார்த்தி:
மாற்றினேன் சார். இப்போது 20-க்கு 20 மறுபக்கம்.