வால்வில் சக்கரம் இல்லை: தண்ணீரை நிறுத்திய வீட்டுக்காரரும் எங்கள் பதினோரு நாளும்

தர்மபுரி குமாரசாமிப்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் நான்கு வருஷம் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர் குடும்பம், மேலே நாங்களும் இன்னொரு குடும்பமும். மூன்று வீட்டுக்கும் ஒரே போர், ஒரே மோட்டார், மொட்டை மாடியில் ஒரே டேங்க். குடிக்க, கீழே சம்பில் நகராட்சி விடும் ஒகேனக்கல் தண்ணீர். வீட்டுக்காரர் மோசமானவர் இல்லை. பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்புவார்.

ஒரு கோடையில், ஆறாயிரம் வாடகையை எட்டாயிரமாக்கச் சொன்னார். ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. முடியட்டும், அப்புறம் பேசுவோம் என்றேன். மூன்றாம் நாள் காலை குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மோட்டார் போட மறந்திருப்பார்கள் என்று மாடிக்குப் போனேன். டேங்க் விளிம்பு வரை நிறைந்திருந்தது. எங்கள் லைனுக்குப் போகும் கேட் வால்வில் திருகுகிற சிவப்புச் சக்கரத்தைக் காணோம். மேலே இருந்த நட்டைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்துப் போயிருந்தார்கள். பித்தளைத் தண்டு மட்டும் மொட்டையாக நின்றது. கீழே வந்து பார்த்தால் சம்பு மூடியில் புதுப் பூட்டு.

கட்டிங் பிளேயரால் அந்தத் தண்டைப் பிடித்துத் திருப்பியிருக்கலாம். கை பரபரத்தது. ஆனால் உடைத்துவிட்டான் என்று ஒரு பேச்சு வந்தால் போச்சு என்று போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டேன்: சக்கரம் இல்லாத வால்வு, நிறைந்த டேங்க், பூட்டு, காலிக் குடம்.

குடிதண்ணீரை மறிப்பது நம் ஜில்லாவில் சாதாரண விஷயம் இல்லை. போர் தண்ணீரில் ஃபுளோரைடு. பல்லில் காவி ஏறிய பெரியவர்கள் எத்தனை பேரைப் பார்க்கிறோம்? அதற்காகத்தானே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. எங்கள் சின்னவளுக்கு அப்போது ஆறு வயது. குடிக்க கேன் தண்ணீர் வாங்கினோம், மற்றதற்கெல்லாம் தெருக்குழாயிலிருந்து இருபத்திரண்டு படி ஏறிக் குடம் சுமந்தோம்.

தெருவில் எல்லோரும் சொன்னது ஒன்றே: வாடகையை நிறுத்து, தானாக வழிக்கு வருவார். மனைவியின் மாமா கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும், "மாப்ள, வாடகையை மட்டும் நிறுத்திடாதீங்க. நிறுத்திட்டா தண்ணிப் பேச்சு அடிபட்டுப் போயிடும், வாடகை பாக்கிதான் கேஸா நிக்கும்" என்றார். இதைப் படிக்கும் குடித்தனக்காரர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். அதுவரை ரசீது இல்லாமல் கையில் கொடுத்துக்கொண்டிருந்த வாடகையை, அந்த மாதம் ஒன்றாம் தேதியே ஜிபேயில் அனுப்பினேன். வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டவும் வழி இருக்கிறது.

பழைய 1960-ஆம் வருஷச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதன் 20-வது பிரிவு, அத்தியாவசிய வசதி எதையும் வீட்டுக்காரர் தானாகவோ ஆள் வைத்தோ நிறுத்தக் கூடாது என்கிறது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிஃப்ட், கழிவுநீர் வசதி எல்லாம் அதில் அடங்கும். நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். எங்கள் ஊரில் அது கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.). விசாரணையை ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். எனக்குப் பெரிதாகப் பட்டது, விசாரணை முடியும் முன்பே 'முதலில் இணைப்பைக் கொடு' என்று அவர் இடைக்கால உத்தரவு போடலாம் என்பதுதான். மனுவில் நான் முதலில் கேட்டதும் அதையே. வாடகைத் தகராறைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை.

எங்கள் ஒப்பந்தம் அரசின் வாடகை இணையதளத்தில் பதிவானது. அதனால் வேலை சுலபமாயிற்று. வீட்டுக்காரருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம், அதன் நகலோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனு. எட்டாம் நாள் இருவரையும் அழைத்தார்கள். அங்கேதான் அவர் மனதில் இருந்தது வெளியே வந்தது. மோட்டார் அவர் சர்வீஸில் ஓடுகிறது, கோடையில் யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறி, இரண்டு மாத பில் அவரைக் கடித்திருக்கிறது. நியாயமான குறைதான். என்னிடம் கேட்டிருந்தால் மூன்றில் ஒரு பங்கு கொடுத்திருப்பேன். அதை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். ஆனால் அதற்காக வால்வைப் பூட்ட முடியாது என்று அதிகாரி தெளிவாகச் சொல்லி உத்தரவு போட்டார். பதினோராம் நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் மகன் சக்கரத்தோடு மாடிக்கு வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் நட்டை முடுக்கிவிட்டுப் போனான்.

இதைப் படித்துவிட்டு ஓசூரிலிருந்து ஒரு சகோதரி:

எனக்கு நிறுத்தியது கரண்ட். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கினார். ஈ.பி. ரேட் என்ன என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். அன்று ராத்திரி ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிவிட்டார். எங்களிடம் எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, பயந்துபோய்தான் இருந்தேன். 15100-க்கு போன் செய்தேன், இலவச சட்ட உதவி எண். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் தருவார்கள். வக்கீல் நோட்டீஸ் போன மறுநாளே ஃபியூஸ் திரும்பி வந்தது. அப்புறம் தனி இணைப்பே கேட்டேன். வீட்டுக்காரர் கையெழுத்து போடவில்லை. அவர் சம்மதம் இல்லாவிட்டாலும், குடியிருப்பதற்கான ஆதாரமும் உறுதிப் பத்திரமும் கொடுத்து, டெபாசிட் இரண்டு மடங்கு கட்டினால் வாங்கலாம் என்று விதி இருக்கிறது. வீட்டுக்காரர் மறுத்தார் என்பதற்காகக் குடியிருப்பவருக்கு மின்சாரத்தை மறுக்கக் கூடாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

கிருஷ்ணகிரி, வீட்டுக்காரர் ஒருவர்:

நான் வாடகைக்கு விடுகிறவன். அந்த 20-வது பிரிவு குடித்தனக்காரரையும் கட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மாடியில் குடியிருந்தவர் கோபத்தில் பொது மோட்டார் சுவிட்சை இறக்கிப் பூட்டு போட்டார், கீழே என் அம்மா படுத்த படுக்கை. இரண்டு மாத வாடகை தரவில்லை என்றால் காலி செய்யச் சொல்லி மனு போட எங்களுக்கு வழி இருக்கிறது. நான் அந்த வழியில்தான் போனேன். மனு நடந்த மூன்று மாதமும் அவர் வீட்டுக்குத் தண்ணீர் ஒரு நாளும் நிற்கவில்லை.

தர்மபுரியிலிருந்து, முதலில் எழுதிய நான்:

நன்றி ஐயா. அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்? ஓசூர் சகோதரிக்கு ஒன்று: அந்த சப் மீட்டர் ரீடிங்கை மாதாமாதம் போட்டோ எடுத்து வைத்திருந்தால் தொலைக்காதீர்கள். கூடுதலாக வாங்கியதைக் கேட்கும்போது அது வேண்டியிருக்கும்.