சிறிய கோளத்தில் ஏற்றப் பரப்படர்த்தி ஏன் கூடுகிறது?

கேள்வி (உயர்தர மாணவி, கொக்குவில்):
வணக்கம். 10 செ.மீ., 2 செ.மீ. ஆரையுள்ள இரு உலோகக் கோளங்களைத் தூரத்தில் வைத்து, நீண்ட மெல்லிய கம்பியால் இணைத்து மின்னேற்றினால், பெரிய கோளமே கூடிய ஏற்றத்தைப் பெறும் என்றும், பரப்படர்த்தி (ஓரலகுப் பரப்பிலுள்ள ஏற்றம்) சிறியதில்தான் கூட என்றும் பயிற்சித்தாளின் விடை கூறுகிறது. இரண்டும் எப்படி ஒருங்கே பொருந்தும்?

மறுமொழி (ஓய்வுபெற்ற ஆசிரியர், பருத்தித்துறை):
பிள்ளை, ஏற்றங்கள் ஓய்வுக்கு வந்தபின் கடத்தியினுள்ளே மின்புலம் பூச்சியமாவதால், கோளங்களும் கம்பியும் ஒரே மின்னழுத்தத்தில் நிற்கின்றன. கோளத்தின் அழுத்தம் ஏற்றத்தை ஆரையால் வகுத்ததற்கு விகிதசமமாகையால் ஏற்றங்கள் 5:1 எனப் பிரியும், பரப்பளவுகளோ 25:1. வகுத்துப் பாரும், அடர்த்தி 1:5 என வரும். மேற்பரப்பிலுள்ள மின்புலமும் அடர்த்தியைப் போலவே சிறியதில் ஐந்து மடங்காகும். உலர்ந்த வளி மீற்றருக்கு ஏறத்தாழ 30 இலட்சம் வோற்றில் முறிவடைந்து ஏற்றத்தைக் கடத்துவதால், தனியே 300 கிலோவோற்று வரை தாங்கக்கூடிய பெரிய கோளம், சிறியதுடன் இணைந்ததும் 60 கிலோவோற்றிலேயே ஏற்றத்தை இழக்கத் தொடங்கும்.

மறுமொழி (சுன்னாகம்):
ஐயாவின் விளக்கம் சரி. எனினும் 'வளைவு கூடினால் அடர்த்தி கூடும்' என்பதைப் பொதுவிதியாக மனனம் செய்ய வேண்டாம். உள்ளே ஏற்றமெதுவும் இல்லாத பொள்ளான கடத்தியின் உட்பரப்பு எவ்வளவு வளைந்திருந்தாலும் அங்கே ஏற்றம் தங்காது. பரடே 1843இல் உலோக வாளியைக் கொண்டு செய்த பரிசோதனையும் ஏற்றம் வெளிப்பரப்புக்குச் செல்வதையே காட்டியது.

மறுமொழி (ஆய்வுகூட உதவியாளர், நல்லூர்):
செய்து பார்ப்பதானால் மாரிகாலத்தைத் தவிருங்கள். கோளத்தைத் தாங்கும் காவலித் தண்டில் படியும் ஈரப்படலத்தினூடாக ஏற்றம் கசிந்துவிடும். தண்டைத் துடைத்து, சற்றுச் சூடாக்கிய பின்னரே ஏற்றுங்கள்.