படகின் பின்பலகை இற்றுப்போனால்

கேள்வி (பைக்காரா):
என் பழைய ஃபைபர் படகில் மோட்டார் மாட்டும் பின்பலகையைத் தட்டினால் மந்தமான ஓசை எழுகிறது. திருகாணித் துளைகளில் பழுப்பு நீர் கசிகிறது. துளைகளில் ரெசின் (ஊற்றியபின் இறுகும் பிசின்) ஊற்றினால் போதுமா?

மறுமொழி (கொடைக்கானல்):
போதாது ஐயா. பின்பலகையில் இரு ஃபைபர் தோல்களுக்கு நடுவே இருப்பது மரம்; ஈர மரத்தில் ரெசின் ஊறாது. உட்புறத் தோலை அறுத்தெடுத்து, மக்கிய பலகையை முழுவதும் சுரண்டி, வெளித்தோலை நன்கு உலர்த்திய பிறகு, மரைன் பிளைவுட்டை (நீரைத் தாங்கும் ஒட்டுப்பலகை) எபாக்சியால் (இரு பொருள்களைக் கலந்து இறுக வைக்கும் ரெசின் பசை) ஒட்டிக் கிளாம்பால் இறுக்குங்கள். பசை முழுதும் பிதுங்கிவிடும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

மறுமொழி (உதகை):
10 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான எபாக்சிகள் சரிவர இறுகா என்பதால், உறைபனி மாதங்களைத் தவிர்த்து, மார்ச்சில் கூரைக்கடியில் செய்யுங்கள். பனியில் அவசரப்பட்ட நான், எபாக்சியின் மேலே படிந்த மெழுகு போன்ற படலத்தைக் கழுவியே சலித்தேன்.

கேட்டவர்:
நன்றி. புதிய பலகையில் திருகாணித் துளைகள்?

மறுமொழி (கொடைக்கானல்):
பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவே துளையுங்கள். நீர் மரத்தைத் தொடாது.