பவளப்பாறை உரசிய காயம்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

செம்பனைக்காரன், குளுவாங்

இருபது ஆண்டுகளாகக் குலை வெட்டுகிறேன். செம்பனை முள் ஏறாத விரல் என் கையில் இல்லை. அந்தத் திமிர்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

பள்ளி விடுமுறையில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து தியோமான் தீவுக்குப் போனோம். மெர்சிங் துறையில் கடல் ஏறினால்தான் படகு. காத்துக் கிடந்து தீவில் இறங்கும்போது மாலையாகிவிட்டது. மறுநாள் கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு மீன் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. ஓர் அலை தூக்கிப் போட்டது. நின்றுகொள்ளலாம் என்று காலை ஊன்றினேன். கணுக்காலுக்கு மேலே சரக்கென்று உரசியது.

மூன்று கோடுகள். பூனை பிறாண்டியது போல. ரத்தம்கூட ஒழுங்காக வரவில்லை. அம்மா கொண்டுவந்திருந்த தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டார். நானும் மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பூட்ஸ் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்றிரவு அரிப்பு. மறுநாள் கோடுகளைச் சுற்றிச் சிவந்து தடித்தது. ஐந்தாம் நாள் பூட்ஸைக் கழற்றவே முடியவில்லை. மச்சான் உட்கார்ந்து இழுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளியைக் கட்டிவிட்டு வரிசையில் உட்கார்ந்தேன்.

அங்கிருந்தவர் விளக்கை அருகில் இழுத்து, மஞ்சள் பத்தைத் தண்ணீரால் கரைத்து, சிறிய இடுக்கியால் எதையோ எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். அரிசிக் குருணை போல இரண்டு துணுக்குகள். துணியோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தேன். மணலைப் போல நறநறவென்றது. அத்தனை நாளும் அது என் தோலுக்குள் இருந்திருக்கிறது. செம்பனை முள் கறுப்பாகத் தெரியும், சீழ் கட்டினால் தானே வெளியே வரும். இது அப்படி வரவில்லை. புண் ஆற மூன்று வாரங்கள் பிடித்தன.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?


பாலோ சாலை அக்கா

தம்பி, உங்களுக்காவது கோடு தெரிந்தது. என் மகனுக்கு ரத்தமே இல்லை. "அம்மா, சுடுகிறது" என்று கத்திக்கொண்டு கரைக்கு ஓடி வந்தான். முன்கையில் கொதிக்கும் எண்ணெய் தெறித்தது போலத் தடிப்புகள். நான் பதறிப்போய் போத்தலில் இருந்த குடிநீரை ஊற்றித் துண்டால் அழுத்தித் துடைத்தேன். அவன் அலறல் இரண்டு மடங்கானது.

படகோட்டி ஓடி வந்து என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கினார். கடல்நீரை அள்ளி ஊற்றி, பிறகு படகில் வைத்திருந்த சூக்காவை ஊற்றினார். மீன் குழம்புக்கு வாங்கும் அதே வினிகர்தான். அரைமணி நேரத்தில் அழுகை நின்றது. அவன் தொட்டது நெருப்புப் பவளமாம். கடுகை அரைத்தது போன்ற மஞ்சள் பழுப்பு நிறம், நுனி மட்டும் வெள்ளை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். பத்து நாள் கழித்துப் பள்ளியிலிருந்து சொறிந்துகொண்டே வந்தான். அதே இடத்தில் அதே தடிப்புகள். மெர்சிங் பக்கம் மறுபடியும் போகவே இல்லை, எப்படி வந்தது என்று இன்றுவரை புரியவில்லை.


ஓய்வுபெற்ற டிரெசர், ரெங்கம்

தோட்ட ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டு இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, அந்தத் தடிப்பு திரும்பி வந்ததில் அதிசயம் இல்லை. நஞ்சுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு ஒன்றிரண்டு வாரம் கழித்தும் தலைகாட்டும். நெருப்புப் பவளம் என்று பெயர் இருந்தாலும் அது உண்மையான பவளம் இல்லை, சொறிமுட்டைக்கு, அதாவது ஜெல்லி மீனுக்கு, உறவு. அதன் மேலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத, கொட்டும் உயிரணுக்கள் இருக்கின்றன. தோலில் ஒட்டி இன்னும் வெடிக்காமல் இருப்பவற்றை நல்ல தண்ணீரும் தேய்ப்பும் வெடிக்க வைத்துவிடும். அதனால்தான் பையன் அலறினான். கடல்நீர், வினிகர், பிறகு பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர். அந்தப் படகோட்டிக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தீர்களா?

செம்பனைத் தம்பியின் கதை வேறு. அவருக்கு வினிகர் எதற்கும் உதவாது. நாம் பாறை என்கிறோம், உண்மையில் அது சின்னஞ்சிறு உயிர்கள் சுண்ணாம்பால் கட்டிய வீடு. அந்த வீட்டின் மேல் உயிருள்ள சதை, சளி, கிருமி எல்லாம் இருக்கும். உரசும்போது எல்லாமே காயத்துக்குள் போய்விடும். கிழிசல் சிறியது, உள்ளே போனதோ பெரிய கூட்டம். ஆகவே முதல் வேலை கழுவுவது: சோப்பு, நல்ல தண்ணீர், நிறையத் தண்ணீர். வலித்தாலும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். துணுக்கு தெரிந்தால் இடுக்கியால் எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் மருந்து. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மஞ்சளை நான் குறை சொல்லவில்லை, கறிக்கு. கழுவாத புண்ணின் மேல் எண்ணெய்ப் பத்துப் போட்டால் குருணையை உள்ளே வைத்துப் பூட்டியது போலத்தான். என் காலத்தில் முள் குத்திய காலில் புகையிலையை அப்பிக்கொண்டு வருவார்கள். முதலில் அதைக் கழுவி எடுக்கவே எனக்குப் பாதி நாள் போகும்.

நீரிழிவுக்காரர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். 2019 தேசியக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு நீரிழிவு. காலில் உணர்ச்சி குறைந்தவருக்குப் பவளம் கிழித்ததே தெரியாது. சூடான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி இருக்கிறது. நீரிழிவோ கல்லீரல் கோளாறோ உள்ளவர் உடம்பில் அது புகுந்தால் ஒரே நாளில் கொப்புளம், காய்ச்சல், கறுத்த தோல் என்று ஓடிவிடும். அப்போது கிளினிக் வரிசை வேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.


லாயாங் லாயாங் வாசி

எனக்கு ஆனது தண்ணீரில்கூட இல்லை. கரையில் ஒதுங்கிக் கிடந்த செத்த பவளத்தின் மேல் நடந்தேன். ஜப்பான் சிலிப்பர் ஒன்று அலையோடு போய்விட்டது, மிச்சக் கதையை உள்ளங்கால் சொல்லும். என் பாட்டி மட்டும் பால்மரம் வெட்டக் கட்டிக்கொண்டு போகும் கறுப்பு ரப்பர் ஷூவோடு கம்பீரமாக நடந்து போனார். ஊரே சிரித்தது. மாலையில் அவர் காலில் மட்டும் கீறல் இல்லை.

ஆனால் ஷூ இருக்கிறது என்பதற்காக உயிருள்ள பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள். தியோமான் கடல் பூங்காப் பகுதி. பவளத்தை உடைப்பதும் எடுப்பதும் 1985 மீன்வளச் சட்டப்படி குற்றம். என் உறவினர் ஒருவர் மீன்தொட்டிக்காக ஒரு கிளையைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் விரலும் கிழிந்தது, துறையில் பையும் பிடிபட்டது. அவருக்காக நான் வருத்தப்படவில்லை.


செம்பனைக்காரன், குளுவாங்

ஐயா, நன்றி. அம்மாவுக்கு உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். "டிரெசர்மார்கள் அந்தக் காலத்திலிருந்தே இப்படித்தான்" என்றார்.

கால் ஆறிவிட்டது. மூன்று கறுப்புக் கோடுகள் மட்டும் நிற்கின்றன. அடுத்த விடுமுறைக்கும் தியோமான்தான், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பையில் ஒரு போத்தல் சூக்கா, சோப்பு, இடுக்கி எல்லாம் வைத்தேன். நேற்று திறந்து பார்த்தால் அடியில் ஒரு மஞ்சள் பொட்டலம். கேட்டதற்கு, மீன் பொரிக்கவாம்.